தண்ணீர் திரும்பி வராத குழி

"தெரியாது" என்ற சொல்லை அவரைப்போல் நிமிர்ந்து நின்று சொன்ன இன்னொருவரை நான் சந்தித்ததில்லை. நமது அரசாங்கக் கந்தோர்களில் அந்தச் சொல் தலைகுனிந்தே வெளிவரும். பெரும்பாலும் வெளிவராமல், "பாத்துச் சொல்றம்", "மேலயிருந்து வரோணும்" என்ற போர்வைகளுக்குள் படுத்துக்கொள்ளும். அவர் வாயில் அது அளந்து பெற்ற ஒரு முடிவுபோல் ஒலித்தது. சொல்லிவிட்டுக் கண்ணை நேராகப் பார்ப்பார். அடுத்த கேள்வி கேட்பவருக்குத்தான் சிரமம்.

கட்டடம் எழும்புவதற்கு முன் அந்த நிலத்துக்குப் போய், துளையிட்டு, கீழே கிடக்கும் மண்ணையும் கல்லையும் வெளியே எடுத்து, இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். மன்னார்த் தீவில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து பொறியியல் படித்தவர். நான் இலுப்பைக்கடவைப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தவன். சமூகவியல் பட்டத்தோடு, அதே கட்டுமானத் திட்டங்களில் ஊர்மக்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் இடையே நின்று கதைக்கும் வேலைக்கு வந்தவன். வயதில் என்னைவிடச் சற்றே மூத்தவர். என்னை "நீர்" என்பார். நான் எல்லோரையும்போல "மிஸ்" என்பேன்.

வேலைத்தளத்துக்கு அவரோடு ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரையும் வரும். துளையிடும் இயந்திரத்துக்கு நேரெதிரே அதைப் போட்டு, ஆண்களின் நீளக்கைச் சேட்டும் பனையோலைத் தொப்பியுமாக உட்காருவார். குழியிலிருந்து மண் வெளிவந்ததும் விரல்களுக்கிடையில் தேய்ப்பார். பிறகு முகர்வார். அதற்கும் பிடிகொடாத மண்ணை முன்பற்களால் மெல்லக் கடித்துப் பார்ப்பார். பல்லில் நறநறவென்றால் நுண்மணல் கலந்திருக்கிறது, வழுவழுவென்றால் களி. இயந்திரம் ஓட்டும் தலைமன்னார்ச் சூசை அண்ணை ஒவ்வொரு தடவையும் தன் ஆட்களைப் பார்த்து, "மிஸ் காலமைச் சாப்பாடு துவங்கியாச்சு, நீங்களும் சாப்பிடுங்கோவன்" என்பார். அவரும் விடமாட்டார். "உங்கட வீட்டுப் புட்டிலயும் இதே மண்தான் கிடந்தது, சூசை அண்ணை. அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை."

மண்ணைப் பற்றி அவர் அடிக்கடி சொன்ன வாசகம் இது: "மண்ணுக்கு மரியாதை தெரியாது. மந்திரி வந்து நிண்டாலும் அதே எண்ணிக்கையைத்தான் சொல்லும்."

எண்ணிக்கை என்று அவர் சொன்னதற்குப் பொருள் உண்டு. நிலத்தின் உறுதியைப் பார்ப்பதற்கு, ஒரு கனத்த இரும்பை ஒரே உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுத்தி, கீழே உள்ள குழாய் குறித்த ஆழத்துக்கு இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். சூசை அண்ணை வாய்விட்டு எண்ணுவார். மிஸ் மனதுக்குள் எண்ணுவார். இரண்டும் பொருந்த வேண்டும். அந்த நேரத்தில் எவரும் வாய் திறக்கக்கூடாது. தொலைபேசிகள் ட்ரக்டர்ப் பெட்டியில் கிடக்கும்.

தீவில் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்காகத் துளையிட்ட நாளில் அயலில் கோயில் திருவிழா. அடி விழுந்துகொண்டிருக்கையில் பாண்ட் வாத்தியக் கோஷ்டி ஒன்று வேலியோரமாகத் திரும்பியது. மேளத்தின் அடியும் இரும்பின் அடியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சூசை அண்ணை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இருவத்தொண்டோ இருவத்திரண்டோ, மிஸ். ஒண்டில என்ன வரப்போகுது?"

"ஒண்டில ஒண்டும் வராது. ஆனா அந்த ஒண்டை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை."

"நானும் காணேல்லை. பாண்ட் அடிச்சவங்கள்தான் கண்டிருப்பாங்கள்."

அந்த ஆழத்துக்குரிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கொஞ்சம் கீழே போய்ப் புதிதாக எண்ணச் சொன்னார். அவருடைய அறிக்கைகளில் அப்படிப்பட்ட வெறுங்கட்டங்கள் பல இருந்தன. மற்றவர்களின் அறிக்கைகளில் ஒரு கட்டமும் வெறுமையாக இருந்ததில்லை. இந்த வேறுபாட்டின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது.

தொழிலில் மட்டும் இருந்த குணமும் அல்ல அது. தங்கைக்குப் பேசிவந்த மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் தாய், "பெடியன் எப்பிடி, நல்லவனோ?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது அம்மா, நான் மேல்மண்ணை மட்டும்தான் பாத்தனான்" என்பது பதில். தாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் என்னிடம் முறையிட்டார். கலியாணம் நடந்து, மருமகனும் தங்கமான பிள்ளையாக அமைந்த பின்னும், "என்ர மூத்தவள் இன்னும் உங்களைப் பற்றி ஒண்டும் எழுதித் தரேல்லை" என்று மருமகனைச் சீண்டுவாராம்.

உண்மையைச் சொல்வதானால், இந்தக் குணத்தை ஆரம்பத்தில் நான் ஐயத்தோடுதான் பார்த்தேன். ஒரு கட்டடம் தாமதிக்கும்போது அதன் விலையைச் செலுத்துபவர்கள் அறிக்கை எழுதுபவர்கள் அல்லர், அதற்காகக் காத்திருப்பவர்கள். உறுதியாகத் தெரியாததை ஒப்புக்கொள்வது நேர்மை என்றால், அந்த நேர்மையின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியும் நேர்மையானதே. இந்தக் கேள்விக்கு நான் விடை கண்டது சிலாவத்துறையைத் தாண்டி முள்ளிக்குளம் போகும் பக்கமாக, கடலோர முஸ்லிம் ஊர் ஒன்றில்.

அந்த ஊரார் ஒரு தலைமுறைக் காலம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். காடாகக் கிடந்த வளவுகளை வெட்டி, வீடு கட்டி, படகு இறக்கி, ஊரை மறுபடியும் ஊராக்கியவர்கள். ஆனால் பிரசவத்துக்கு மன்னாருக்குத்தான் போகவேண்டும். வலி எடுத்த பெண்ணை ஓட்டோவில் ஏற்றிவிட்டு வீதியையும் இறைவனையும் நம்பியிருப்பார்கள். ஆகவே ஊருக்கு ஒரு மகப்பேற்று விடுதி கட்ட நிதி ஒதுக்கப்பட்டபோது அது அவர்களுக்குப் பெருநாள். ஆண்டு முடிவதற்குள் வேலை தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும் என்பது நிபந்தனை.

இடம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்து வெளி. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஊரின் ஒரே நல்ல தண்ணிக் கிணறு. மற்றக் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்கும் சவர். துளையிடுவதற்குத் தண்ணீர் தேவை. குழாயினூடாகத் தண்ணீரைக் கீழே அனுப்ப, அது அரைத்த மண்ணையும் கல்லையும் சுமந்துகொண்டு மேலே திரும்பி வரும். கடுமையான வரட்சிக் காலம் அது. ஊருக்கே மூத்த அக்காவான மாதர் சங்கத் தலைவி ஜெஸீமா லாத்தா வீடு வீடாகக் கதைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் பங்கிலிருந்தும் குறைத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பித் தந்தார். அவருடைய மருமகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

முதலிரண்டு குழிகளும் நல்ல செய்தி சொன்னன. மேலே செம்மண், கீழே இறுகிய சுண்ணக்கல். மூன்றாவது குழி கடற்பக்க மூலையில். செம்மண் போயிற்று, கல் வந்தது, கல்லுக்குள் கொஞ்சத் தூரம் இறங்கிய பிறகு குழாய் தன்பாட்டில் ஒரு முழம் கீழே விழுந்தது. இயந்திரத்தின் சத்தம் மாறியது. சூசை அண்ணை குழிவாயைக் குனிந்து பார்த்தார்.

"மிஸ், தண்ணி திரும்பி வரேல்லை."

"ஊத்துங்கோ."

ஊற்றினார்கள். ஒரு பீப்பாய் போனது. இன்னொன்றும் போனது. குழி அசையாமல் குடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்ற ஜெஸீமா லாத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரைக்கு முன்னால் வந்தார்.

"புள்ள, இது நாங்க சோறாக்குற தண்ணி. எங்க போகுது?"

"தெரியாது, லாத்தா."

"கீழ என்ன கிடக்குது?"

"ஒரு வெடிப்பாயும் இருக்கலாம். ஒரு அறையளவு பொந்தாயும் இருக்கலாம். தெரியாது."

"எங்கட தண்ணியைக் கொண்டுபோய் ஓட்டைக்குள்ள ஊத்திப்போட்டுத் தெரியாதெண்டு சொல்றத்துக்கா கொழும்பில படிச்சனீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவும் இல்லை, முகம் சுருங்கவும் இல்லை. இன்னும் தண்ணீர் வேண்டும் என்றார். அப்போது மீன்பிடிக்கும் இளைஞர்களில் ஒருவனான றிஸ்வான் முன்வந்தான். ஊர் உதைபந்தாட்ட அணியின் தலைவன்.

"கடல் கிட்டத்தானே கிடக்கு, மிஸ். ட்ரக்டர்ல பீப்பா ஏத்தி எவ்வளவெண்டாலும் கொண்டாறம். லாத்தாட கிணத்தை விட்டிடுவம்."

கட்டட ஒப்பந்தகாரரின் ஆளும் ஆமோதித்தார். "உப்புத் தண்ணியிலயும் துளைக்கலாந்தானே, மிஸ்?"

"துளைக்கலாம்" என்றார் மிஸ். "வேற இடமெண்டால் நானே கேட்டிருப்பன். ஆனா இஞ்ச ஊத்துற தண்ணி எங்க போகுதெண்டு தெரியாது. தெரியாத இடத்துக்கு நான் உப்பை அனுப்ப மாட்டன்."

"கிணறு அங்கால, தூரத்தில கிடக்கு மிஸ்" என்றான் றிஸ்வான்.

"மேலதான் தூரம். கீழ எவ்வளவு தூரமெண்டு ஆர் கண்டது?"

 ஜெஸீமா லாத்தா கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். அவருடைய கோபம் இறங்கிய இடம் எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"அப்ப எங்கட கிணத்துத் தண்ணியே எடுங்க. ஒரு வாளி வீணாகப்படாது."

"வீணாகுமோ ஆகாதோ தெரியாது, லாத்தா."

"யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு வேற சொல்லே வராதா?"

மறுநாள் மிஸ் செய்தது எந்த வேலைத்திட்டத்திலும் இல்லாதது. முதலில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து அன்றைக்கும் அடுத்த நாளுக்கும் வேண்டிய தண்ணீரை அள்ளி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு லாத்தாவிடம் ஒரு சம்மதம் கேட்டார்: குழிக்குள் ஊற்றப்போகும் தண்ணீரில் செம்மண்ணைக் கரைக்க வேண்டும், அது கிணற்றுக்குப் போகுமானால் கிணறு ஓரிரு நாள் கலங்கும்.

"கலங்கினா?"

"மண் அடையும், லாத்தா. உப்பு அடையாது."

லாத்தா தலையசைத்தார். செம்மண் கரைத்த தண்ணீர் பீப்பாய் பீப்பாயாகக் குழிக்குள் இறங்கியது. நண்பகல் லுஹர்த் தொழுகைக்கு முன்பே கிணற்றுப் பக்கமிருந்து ஒரு சலசலப்புக் கேட்டது. லாத்தா தாமே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு, நிறைந்த தண்ணீர் பாவாடையில் தளும்ப, வெளியைக் குறுக்கே கடந்து வந்து நீலக் கதிரைக்கு முன்னால் வைத்தார். செம்மஞ்சளாய்க் கலங்கிக் கிடந்தது தண்ணீர்.

"இந்தாங்க மிஸ், உங்கட தெரியாது."

மிஸ் வாளிக்குள் விரலை விட்டு, எடுத்து, தேய்த்துப் பார்த்தார். "பாதிதான் தெரிஞ்சிருக்கு. போற வழி தெரிஞ்சுது. எவ்வளவு பெரிசெண்டு இன்னும் தெரியாது."

எனக்கு வேறொன்று தெரிந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு கோடு இழுத்தால், குறிக்கப்பட்டிருந்த விடுதியின் நடுவால் அது போகும். இளைஞர்கள் கடல்நீரைக் கொண்டுவந்திருந்தால், அந்த ஊர் அன்று தன் ஒரே குடிநீரையும் இழந்திருக்கும்.

ஊர்க்கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. அதற்கு முன் நான் அவரைத் தனியாகக் கண்டு என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"மிஸ், இந்தக் காசு திரும்பிப் போனா இன்னொருக்கா எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுவரைக்கும் இந்தப் பொம்பிளையள் ஓட்டோவிலதான் போகோணும். அதிலயும் உயிர் போகலாம்."

அவர் தலையசைத்தார். "உண்மைதான். அது நான் அளக்கிற சாமான் இல்லை, நீர் அளக்கிறது. கூட்டத்தில எழும்பிச் சொல்லும். ஒண்டையும் மறைக்காதையும். என்ர தெரியாதையும் உம்மட தெரியாதையும் சேர்த்து ஊருக்கு முன்னால வைப்பம்."

அப்படியே வைத்தோம். அதிகாரி ஒருவர் பொறுமை இழந்து கேட்டார்: "மிஸ், கட்டலாமா கட்டேலாதா? ஒரு சொல்லில சொல்லுங்கோ."

"கட்டேலாதெண்டு நான் சொல்லேல்லை. அதுக்குக் கீழ என்ன இருக்கெண்டு தெரியாது எண்டு சொல்றன். தெரியுமட்டும் பிள்ளைத்தாய்ச்சியளை அதுக்கு மேல படுக்கவைக்கச் சொல்லி நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

ஒப்பந்தகாரரின் ஆள், பொந்துக்குள் சீமெந்தை ஊற்றி அடைத்துவிடலாம் என்றார்.

"அடைக்கலாம். கிணத்துக்கு வாற வழியும் அதோட அடைபடுமோ?" என்று கேட்டுவிட்டு, மிஸ்ஸே பதிலையும் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்டபத்தின் பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டது. முதன்முறையாக அவர் சிரித்ததை அன்று பார்த்தேன்.

ஜெஸீமா லாத்தா எழுந்தார். அதிகாரிகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாங்க புத்தளத்தில இருந்து வந்த நாள்தொட்டு ஆரார் எல்லாமோ வந்தாங்க. வீடு எப்ப, றோட்டு எப்ப, காணி எப்ப எண்டு கேட்டம். எல்லாரும் தெரியும் தெரியும் எண்டுதான் சொன்னாங்க. தெரியாதெண்டு எங்களுக்குச் சொன்னது இந்தப் புள்ள ஒண்டுதான். அதால இந்தப் புள்ள தெரியுமெண்டு சொல்ற இடத்தில எங்களுக்குக் கட்டித் தாங்க. அதுவரைக்கும் நாங்க நிப்பம்."

றிஸ்வான் எழுந்து, வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள உதைபந்தாட்ட மைதானத்தைப் பார்க்கச் சொன்னான். அவனுடைய அணியினர் சிலர் முணுமுணுத்தார்கள். "சும்மா இருங்கடா, நாங்க பள்ளிவாசல் பக்கம் மாறுவம்" என்றான். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "அங்கயும் பொந்து இருந்தால் சொல்லுங்கோ. எங்கட கோல் காக்கிற கோலி உள்ளுக்கு விழாம இருந்ததுக்கு நேர்ச்சை வைக்கோணும்" என்றான்.

மைதானத்தில் துளையிட்ட நாட்களில் ஊரே சுற்றி நின்றது. சூசை அண்ணையோடு சேர்ந்து சனம் அடிகளை எண்ணியது. மிஸ் கதிரையிலிருந்து கையை உயர்த்தி அடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர், வெண்சுண்ணம் கரைந்து பால்போல, குழிவாயால் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறை வந்தபோதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிலத்துக்கான அறிக்கையில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. அவரது கையெழுத்து அதன் அடியில் இருந்தது.

அந்த ஆண்டின் நிதி திரும்பிப் போனது. இதை நான் மழுப்ப விரும்பவில்லை. விடுதிக்கு மறுபடியும் ஒதுக்கீடு கிடைத்து அத்திவாரம் வெட்டுமுன் அந்த மாரிக்காலம் முழுவதும் கடந்தது. அந்த மாரியில் ஜெஸீமா லாத்தாவின் மருமகளுக்கு மன்னார் வீதியில், ஓட்டோவுக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம். சுகமாக இல்லாமலும் போயிருக்கலாம் என்பதை அந்த ஊரில் எவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அந்த ஓட்டோவில் கூடப் போயிருந்த லாத்தாவே பின்னர் மிஸ்ஸுக்குத் தொலைபேசியில், "உங்கட தெரியாதாலதான் என்ர பேரன் ஓட்டோவில பிறந்தவன். நாளைக்கு அவன் வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்" என்று சொன்னதை அருகிலிருந்து கேட்டேன்.  மாலையில் மிஸ், "கேட்கட்டும். கேட்கிறதுக்கு அவன் இருக்கிறான்" என்றார்.

அவர் இப்போது மலைநாட்டில், சரியும் சரிவுகளில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார். நீலக் கதிரையும் கூடவே போயிருக்கிறது என்று சூசை அண்ணை சொன்னார். நான் அவரோடு வேலை செய்தவன் என்று எங்கும் சொல்லிக்கொள்வேன். என் பட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் சொல்வேன்.

அண்மையில் அந்த ஊருக்குப் போயிருந்தேன். விடுதியின் யன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே எங்கோ ஒரு பிள்ளை அழுதது. வீதிக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசல் வெளியில், உதைபந்தாட்டம். கடற்பக்க மூலையை மட்டும் முள்ளுக்கம்பி அடித்து விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே புல் வளர்ந்து கிடக்கிறது. கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓங்கி அடித்த பந்து கோல் கம்பத்துக்கு மேலாகப் பறந்து கம்பிவேலிக்குள் விழுந்தது.

"எங்கடா போச்சு?" என்று மறுமுனையிலிருந்து கேட்டான் கோலி.

"தெரியாதுக்குள்ள போயிட்டுது" என்றார்கள் இந்தப் பக்கத்தில் நின்றவர்கள். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. வேலியில் சாத்தியிருந்த நீண்ட கொக்கைத்தடியை எடுத்துவந்து, வெளியே நின்றபடியே பந்தை இழுத்தெடுத்தார்கள்.